அம்மாவின் மறதிக்கு லேகியம் வாங்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சைவம். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஆறேழு மாதமாகப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், சொன்னதையே திரும்பக் கேட்கிறார். வல்லாரை லேகியமும் பாதாமும் கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: லேகியத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு என்று டெஸ்ட் எடுத்துவிடுங்கள், கூடவே தைராய்டும். சைவம், மெட்ஃபார்மின் என்ற இரண்டு வார்த்தைகளிலேயே என் கண் நின்றுவிட்டது. நரம்பின் மேலுறை கெடாமலிருக்க பி12 வேண்டும். அது காய்கறியில் கிடையாது, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. வயது ஏற ஏற வயிறு அதைப் பிரித்தெடுப்பது குறையும், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் இன்னும் குறையும், நெஞ்செரிச்சலுக்கென்று தினமும் ஒமெப்ரசோலும் போடுகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். பாதம் மதமதக்கிறதா, நாக்கு எரிகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். குறைபாடுதான் என்றால் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள். சீக்கிரம் பிடித்துவிட்டால் இந்த மறதி நன்றாகவே குறையும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

லேகியம் வெல்லப்பாகிலோ சர்க்கரைப்பாகிலோ கிண்டுவது, சர்க்கரைக்காரருக்கு எதற்கு? வல்லாரையைத் துவையலாக அரையுங்கள். பாதாம் நல்லதுதான், ஒரு பிடி வேர்க்கடலையும் நல்லதுதான்.

இன்னொன்று, ராத்திரி அம்மாவின் தட்டை எட்டிப் பாருங்கள். என் பெரியம்மா எல்லோருக்கும் கூட்டும் பொரியலும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருவார், அவருக்கு மிஞ்சுவது மோர் சாதமும் நாலு மாவடுவும்தான், வருடக்கணக்கில் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது. தினமும் அத்தனை உப்பு போனால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடிவாங்கும்.

சாப்பாட்டை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் கீரை, கொட்டை வகை, பெர்ரி என்று மூளைக்காகவே வகுத்த உணவுமுறையை 604 பேரிடம் 3 வருடம் சோதித்து 2023-இல் முடிவு சொன்னார்கள். ஒப்பிட்ட இன்னொரு பிரிவைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் 2 வருடம் நடந்த ஆய்வில் நல்ல சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. அதனால் சாயங்காலம் கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப்போங்கள்.

டெஸ்டில் பி12, தைராய்டு இரண்டும் சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.