சூத்திரத்தை விடுங்கள், புட்டியைப் பாருங்கள்

காய்ச்சலுக்குக் கொடுத்த பாராசிட்டமால் மகளின் ஈரலைக் கெடுக்குமோ, அளவைச் சூத்திரம் போட்டுக் கணக்கிடலாமா என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் கொடுத்த 125 மி.கி. பாராசிட்டமால் உங்கள் மகளின் ஈரலை ஒன்றும் செய்யாது. நான்கு வயது, 16 கிலோ எடை. அதற்கு அது குறைவான அளவுதான். சாதாரணக் காய்ச்சல் மூளையைத் தாக்கும் என்ற பயமும் வேண்டாம்.

மூத்த மகனின் இயற்கணிதப் பாடத்தில் பார்த்ததாகச் சொல்லும் இரண்டு சூத்திரங்களும் பழைய காலத்தவை. வயதை வைத்துக் குழந்தைக்கான அளவைச் சொல்லும் யங் விதிப்படி 4-ஐ 4+12-ஆல் வகுத்தால் கால் பங்கு. சரி, எதில் கால் பங்கு? பெரியவர்களுக்கு 500 மி.கி.யும் கொடுக்கிறோம், 1000 மி.கி.யும் கொடுக்கிறோம். கிளார்க் விதி, எடையை 150-ஆல் வகுத்துப் பெரியவர்களின் அளவால் பெருக்குவது; அதற்கு எடையைப் பவுண்டில் போட வேண்டும். நீங்கள் கிலோவில் போட்டதால் 500 மி.கி.க்கு 53 வந்தது. பிள்ளைகள் வகுத்துப் பழகட்டும், மருந்து கொடுக்க இவை வேண்டாம். பாராசிட்டமாலுக்கு இன்றைய கணக்கு, வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை. உங்கள் மகளுக்கு அதிகபட்சம் 240 மி.கி.; குறைந்தது 4 மணி நேர இடைவெளி; ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது.

என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கடைசி வரி. "சிரப் தீர்ந்துவிட்டது, சொட்டு மருந்து இருக்கிறது, அதிலும் அதே 5 மி.லி. கொடுக்கலாமா?" கூடவே கூடாது! சிரப்பில் பெரும்பாலும் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும். சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கலாம். அப்படியானால் அந்த 5 மி.லி.யில் 500 மி.கி. போய்விடும். ஒரு நாளில் நான்கு வேளை என்றால் 2000. இவளுக்கான ஒரு நாள் வரம்பு 960. சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எப்போதாவது அளவு மீறிவிட்டால், குழந்தை ஓடி விளையாடுகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். கண் மஞ்சளாவது, வாந்தி, அசதி எல்லாம் ஓரிரு நாள் கழித்து வந்தால், ஈரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும். இணையத்தில் தேடிக்கொண்டு உட்காராமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், சமையலறை ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் அளவுக் குழாயில் எடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் புட்டியையே கொண்டுபோய், இதில் எத்தனை மி.லி. என்று கேட்டு அதன் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.