உணவுக்காட்டில் (காடுபோல் பல பயிர் கலந்த தோட்டத்தில்) பலா: கேட்டவையும் சொன்னவையும்

கே: ஏழு வயது மரம். விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டு, எல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்து உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

ப: மருந்து இருக்கட்டும், உதிர்ந்ததில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு மெலிந்து, மேல்தோல் ஓரளவு வழவழப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் அது பிஞ்சே இல்லை, ஆண் பூ. பலாவில் ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். மகரந்தம் கொட்டியதும் ஆண் பூ கறுத்து விழுவது இயற்கை. முதல் ஒன்றிரண்டு பருவத்தில் ஆண் பூ மட்டுமே வருவதும் உண்டு. பெண் பூவுக்குக் காம்பு தடித்திருக்கும், அதன் நுனியில் பச்சை வளையம் தெரியும், மேல்பக்கம் சொரசொரக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் வீணாக மருந்தடிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மழை நாட்களில் அந்தப் பூசணம் பெண் பிஞ்சுக்கும் தாவும். அழுகியவற்றைப் பொறுக்கிக் குழியில் மூடிவிடுங்கள். பிஞ்சைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும்.

கே: கொட்டையை மூன்று மாதம் காயவைத்து ஊன்றினேன், முளைக்கவில்லையே?

ப: காயவைத்ததுதான் காரணம். ஈரம் போனால் பலாக்கொட்டைக்கு உயிர் போய்விடும். சுளையிலிருந்து எடுத்ததும் கழுவி, மரம் நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். பையில் நாள்பட வளர்த்தால் ஆணிவேர் சுருண்டுவிடும். ஆனால் வருக்கைப் பழத்தின் (கெட்டிச் சுளை ரகம்) கொட்டையில் வருக்கைதான் வரும் என்று சொல்ல முடியாது. அதே ருசி வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான்.

கே: தோட்டத்தின் தாழ்வான மூலையில் மழைத் தண்ணீர் நிற்கும். வாழை அங்கே வந்திருக்கிறது. பலா வைக்கலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். என் முதல் மரத்தை அப்படி ஒரு மூலையில்தான் இழந்தேன். அடைமழையில் நாலைந்து நாள் தண்ணீர் வடியவில்லை. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. தோண்டினால் வேர்த்தோல் விரலோடு உரிந்து வந்தது, அழுகல் வாடை. அப்போது மரத்தில் நான்கு பிஞ்சு இருந்தது. வேறு இடமே இல்லையென்றால், முழங்கால் உயரத்துக்கு அகலமான மேடு போட்டு அதன் மேல் நடுங்கள்.

கே: கூரையைத் தாண்டி வளர்கிறது. தலையை வெட்டினால் காய்ப்பு போய்விடுமா?

ப: போகாது. காய் பெரும்பாலும் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும்தான் பிடிக்கும். அறுவடை முடிந்த கையோடு உச்சியை வெட்டி 12 முதல் 15 அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வெயில் விழுவதால் இஞ்சி, மஞ்சளும் நன்றாக வரும். மிளகுக்கொடியை மட்டும் பலாவில் ஏற்றாதீர்கள், காய் பிடிக்கும் இடத்தை மூடிக்கொள்ளும்.

கே: முற்றியதை எப்படித் தெரிந்துகொள்வது?

ப: முள் கூர் மழுங்கி இடைவெளி விடும். காம்பை ஒட்டிய இலை மஞ்சளாகும். தட்டினால் தொம்மென்று கேட்கும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுங்கள்.