கான்டனீஸில் ‘நூலிழையில் தப்பியது’, ‘கொஞ்சம் குறையுது’ என்பதை எப்படிச் சொல்வார்கள்?

ஹாங்காங்கில் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடலாம்: ‘ஜாங்’. குறைவது, பாக்கி நிற்பது எல்லாம் அதுதான். ‘தீ’ என்றால் கொஞ்சம். ‘ஜாங் தீ’, கொஞ்சம்தான் பாக்கி, அதாவது ‘இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்’. இரண்டு அசையையும் உச்சக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்ல வேண்டும். ‘சா தீ’ என்றாலும் இதே பொருள்தான்.

‘ஜாங் தீ யெங் ஜோ’ என்றால் ஜெயித்திருப்பேன், ஆனால் தோற்றுவிட்டேன். ‘ஜாங் தீ ஷூ ஜோ’ என்றால் தோற்கப் பார்த்தேன், தப்பித்துவிட்டேன். பின்னால் வரும் வினை நடக்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். புலம்பலா நிம்மதியா என்பதை அந்த வினையே காட்டிக்கொடுத்துவிடும்.

பணத்துக்கு இன்னும் சுலபம். சந்தையில் கீரைக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கிறீர்கள். கடைக்கார அம்மா ‘ஜுங் ஜாங் லோங் மன்’ என்றால் இன்னும் இரண்டு டாலர் குறைகிறது. தெரிந்த முகமாக இருந்தால் ‘ஜாங் ஜு ஸின்’ என்று விட்டுவிடுவார்: இப்போதைக்குப் பாக்கி இருக்கட்டும். நம்மூர் அண்ணாச்சி கடையில் ‘அப்புறமா குடுங்க’ என்பார்களே, அதேதான்.

நேரத்துக்கும் இதே ‘ஜாங்’தான். கடிகார முகத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு ‘ஜி’, அதாவது 5 நிமிடம். ‘ஜுங் ஜாங் லோங் கோ ஜி’ என்றால் இன்னும் 10 நிமிடம் இருக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் ‘சா ம் தோ’வை இதோடு குழப்பிக்கொள்வார்கள். அது ‘ஏறக்குறைய’, ‘கிட்டத்தட்ட முடிந்தது’ என்ற பொருளில் வருவது. சாப்பாடு தயாரா என்று கேட்டால் ‘சா ம் தோ’ சரி. படியில் வழுக்கி விழப் பார்த்ததைச் சொல்ல ‘ஜாங் தீ’தான் வேண்டும்.

பஸ் உரசிக்கொண்டு போன மாதிரி பெரிய கண்டம் என்றால் ‘ஹிம் குவோ தை தாவ்’ என்பார்கள்: மொட்டை அடிப்பதைவிட ஆபத்து! நாம் மயிரிழையில் தப்பினால், அவர்கள் சவரக்கத்தியில் தப்புகிறார்கள். அடிக்கடி காதில் விழும், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆள் குறைந்தால்? மாஜாங் ஆட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். மூவர் உட்கார்ந்துவிட்டு ‘ஸாம் க்யூத் யத்’, மூணு பேர் இருக்கோம், ஒண்ணு குறையுது என்று உங்களுக்கு போன் போட்டால், ஆட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம்.