லினக்ஸில் ஒழுங்காக பில்ட் ஆகும் ஜீரோஎம்க்யூ (ப்ரோக்ராம்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் லைப்ரரி), விண்டோஸில் மட்டும் லிங்க் பிழை தருவது ஏன்?

நிரலையும் லைப்ரரியையும் ஒட்டும் கட்டத்தில் வரும் அந்தப் பிழைச் செய்தியில் ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் அடிக்கோடுகளோடு 'இம்ப்' என்று ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் இரண்டு நாள் நான் முட்டிக்கொண்ட அதே சுவர்தான்.

'இந்த ஃபங்ஷன் ஒரு டிஎல்எல்லில் (ஓடும்போது ஏற்றப்படும் தனி லைப்ரரி ஃபைல்) இருக்கிறது' என்று கம்பைலர் நம்பியதற்கு அந்த 'இம்ப்'தான் அடையாளம். நீங்கள் கொடுப்பதோ ஸ்டாட்டிக் லைப்ரரி, அதாவது ப்ரோக்ராமுக்குள்ளேயே சேர்ந்துவிடுவது. ஜீரோஎம்க்யூவின் ஹெடர் ஃபைல், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், டிஎல்எல் என்றே வைத்துக்கொள்ளும். இஸட்எம்க்யூ_ஸ்டாட்டிக் என்ற மேக்ரோவை (எல்லாம் பெரிய எழுத்தில்) உங்கள் ப்ராஜெக்ட்டில் சேருங்கள். லைப்ரரியை பில்ட் செய்யும்போது அல்ல, அதைப் பயன்படுத்தும் உங்கள் நிரலில். நான் தவறிய இடம் இதுதான். அதோடு விண்டோஸின் நெட்வொர்க் லைப்ரரிகளான வின்சாக், ஐபி ஹெல்பர் இரண்டையும் லிங்க் பட்டியலில் போடுங்கள். லினக்ஸில் இந்த டிஎல்எல் இம்போர்ட் சமாச்சாரமே கிடையாது. அதனால்தான் அங்கே சத்தமில்லாமல் ஓடிவிடுகிறது.

அப்புறம், டீபக் (பிழை தேடும் பில்ட்) லைப்ரரியை ரிலீஸ் (வெளியிடும் பில்ட்) ப்ரோக்ராமோடு கலக்காதீர்கள். 32 பிட், 64 பிட்டும் அப்படியே.

பில்ட் முடிந்ததும், டெஸ்டுகளை ஓட்டும் கட்டளையான சிடெஸ்ட் என்று மட்டும் அடித்தால் எல்லா டெஸ்டும் 'நாட் ரன்' என்று வரும். பயப்பட வேண்டாம். விஷுவல் ஸ்டூடியோவுக்காக சிமேக் என்ற பில்ட் கருவி உருவாக்கும் ப்ராஜெக்ட்டில் டீபக், ரிலீஸ் இரண்டும் இருக்கும். எது வேண்டும் என்று பெரிய 'சி' ஆப்ஷனில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டெஸ்டும் தனி எக்ஸி என்பதால், எல்லா முகவரியிலும் கேட்கும் டெஸ்டுகளுக்கு ஃபயர்வால் ஜன்னல் எட்டிப்பார்க்கலாம். கடிகாரமும் தொல்லைதான். விண்டோஸின் வழக்கமான டிக் சுமார் 15.6 மில்லிசெகண்ட். ஒரு மில்லிசெகண்ட் தூங்கச் சொன்னால் பதினைந்து தூங்கி எழுந்திருக்கும். நேரத்தை நம்பி நீங்களே எழுதிய டெஸ்ட் சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில் ஆனால் முதலில் இதைப் பாருங்கள்.

ஜீரோஎம்க்யூவில் எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. கொஞ்சம் புதியதாகவே எடுங்கள். விண்டோஸில் சாக்கெட்பேர் (ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாக்கெட்டை ஒரே அடியில் தரும் ஃபங்ஷன்) கிடையாது. அதனால் ஒரு த்ரெட் இன்னொன்றை எழுப்ப, ஜீரோஎம்க்யூவின் பல பதிப்புகள் அதே கணினிக்குள்ளேயே ஒரு டிசிபி இணைப்பு போட்டுக்கொள்ளும். பழைய பதிப்புகளில் அதற்கு 5905 என்ற ஒரே போர்ட். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் எங்கள் ப்ரோக்ராம் திறந்ததும் உறைந்து நின்றது. எங்கள் கோடு முழுக்கத் துருவினோம். கடைசியில், அங்கிருந்த ஆன்டிவைரஸ் அந்த உள்போர்ட்டை அடைத்து வைத்திருந்தது. பதிப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. பிந்தைய பதிப்புகள் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் போர்ட்டை எடுத்துக்கொள்கின்றன.