டெல்லிப் பனிமூட்டமும் அம்மாவிடம் மறைத்த காஷ்மீர்ப் பயணமும்

ஜனவரி முதல் வாரத்தில் மனைவிக்குச் சொல்லாமல் டெல்லி வழியாக மணாலி கூட்டிப்போகப் போகிறீர்கள், பனிமூட்டம் கெடுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்குக் கெடுத்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்பாவும் நானும் பேசிவைத்துக்கொண்டு டிசம்பர் கடைசியில் காஷ்மீரில் பனி விழும் மலை ஊரான குல்மார்க்குக்கு ஏற்பாடு செய்தோம். மார்கழியில் கிரகப்பிரவேசம், நிச்சயதார்த்தம் என்று எதைச் சொன்னாலும் அம்மா நம்ப மாட்டார். அதனால் எனக்கு டெல்லியில் அலுவலக மீட்டிங், நீங்களும் வந்தால் ஆக்ரா பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிவைத்தேன். விடிகாலை 3 மணிக்கே வாசலில் கோலம் போட்டு, இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

6 மணி விமானம் முதலில் 7:30 என்றார்கள், அப்புறம் 9. சென்னையில் பளிச்சென்று வெயில். “மழையும் இல்லை, காற்றும் இல்லை, ஏன் கிளம்பலை?” என்று அம்மா கேட்டார். பிரச்சினை டெல்லியில் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் ஈரமான மண், மேகமில்லாத இரவு, அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய ஈரக்காற்று பனிமூட்டமாகிவிடும். நள்ளிரவுக்குப் பிறகு அடர்ந்து, பெரும்பாலும் முற்பகலில்தான் கலையும். 50 மீட்டர் தூரம் மட்டும் தெரிந்தாலும் இறங்கும் வசதி டெல்லியின் சில ஓடுபாதைகளில் உண்டு. ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். மேலெழும்புவதற்கோ பொதுவாக 125 மீட்டராவது தெரிய வேண்டும். இறங்கியவை கிளம்ப முடியாமல் நின்றால் அடுத்து வருவதற்கு இடமிருக்காது. காத்திருப்பில் விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டால் புது ஆட்கள் வர வேண்டும். காலை 2 மணி நேரத் தாமதம் மாலைவரை இழுப்பது இப்படித்தான். (நம்மூரிலும் இது நடந்திருக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் தடுமாறின.)

ஆனால் அந்தக் காத்திருப்பில் எனக்குத் தாங்க முடியாமல் போனது அம்மாவின் முகம்தான். “உன் மீட்டிங் என்னடா ஆகும்? மேலதிகாரி திட்டுவாரே” என்று அரைமணிக்கு ஒருதரம் கேட்டார். இல்லாத மீட்டிங்குக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். “தாஜ்மகால் எங்கேயும் ஓடிடாது, வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். எங்களுக்குக் குல்மார்க் தெரிந்திருந்ததால் பொறுமையாக உட்கார முடிந்தது. அவருக்கு முழங்கால் வலியும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். 10 மணிக்கு என்னால் முடியவில்லை. பைக்குள் ஒளித்துவைத்திருந்த கம்பளிக் குல்லாவை எடுத்து அவர் மடியில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் குல்லாவையே தடவிக்கொண்டிருந்தார். “பனியைக் கையில தொடலாமா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு தகவல் பலகையைப் பார்த்துவந்து எங்களுக்குச் செய்தி சொன்னவர் அவர்தான்.

டெல்லியில் இறங்கும்போது பிற்பகல் 2:30. குல்மார்க் போக அங்கே நாங்கள் மாறி ஏற வேண்டிய ஸ்ரீநகர் விமானம் போய்விட்டது. இங்கேதான் நான் செய்த பெரிய தவறு: பணம் மிச்சமாகும் என்று இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக, வேறு வேறு நிறுவனங்களில் டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாங்கள் வராத பயணிகள், அவ்வளவுதான். ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகியிருக்கும். மூன்று பேருக்கும் மறுநாளுக்குப் புது டிக்கெட் எடுத்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மஹிபால்பூரில் அறை போட்டோம். குல்மார்க்கில் மூன்று இரவு இரண்டாகக் குறைந்தது.

நீங்கள் டெல்லியில் ஒரு இரவைக் கணக்கில் வைத்துவிடுங்கள். விடிகாலையில் டெல்லியில் இறங்கும் விமானத்தைத் தவிருங்கள். அன்று மாலையே மணாலி பஸ் பிடிப்பதாக இருந்தால் நடுவில் 4 மணி நேரம் போதாது. வானிலைத் தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் சென்னை - டெல்லி தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஸ்வெட்டர், மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மனைவியிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். மணாலியில் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் எதற்கென்றே தெரியாமல் ஒருவரை அத்தனை நேரம் உட்காரவைக்கக் கூடாது.

மறுநாள் குல்மார்க்குக்கு ஏறும் வழியில் தங்மார்க்கில் வண்டி நின்றது. அதற்கு மேல் பாதை முழுக்கப் பனி. டிரைவர் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட இறங்கினார். அம்மாவும் இறங்கினார். வண்டியின் முன்பக்கம் படிந்திருந்த பனியில் விரலால் புள்ளி வைத்து, அவர் கோலத்தை முடிக்கும்வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.