கட் ஆஃப் 131: எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதம் 62, இயற்பியல் 68, வேதியியல் 70 எடுத்திருக்கிறாள். பி.சி. பிரிவு. பி.இ. படிக்க ஆசைப்படுகிறாள். "இந்த மார்க்குக்கு நல்ல காலேஜ் எங்கே கிடைக்கும்? கிடைத்ததில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். எப்படித் தேடுவது?
– வாசகி, நாமக்கல்

கணிதத்தில் முழுதாக 62, இயற்பியலில் பாதி 34, வேதியியலில் பாதி 35. ஆக 200-க்கு 131. கவுன்சலிங்கில் இடம் கிடைக்கக்கூடிய கட் ஆஃப்தான் இது. கிடைத்ததில் சேர்த்துவிடுவது மட்டும் வேண்டாம். 131-க்கு எட்டும் கல்லூரிகளுக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறோம். பொறியியல் சேர்க்கை இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவில், எந்த இனப்பிரிவுக்கு எத்தனை மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்ற விவரம் இருக்கும். அதில் பி.சி. பத்தியில் 115 முதல் 145 வரை முடிந்த கல்லூரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராகக் கடைசி இரண்டு செமஸ்டர்களின் விகிதத்தை எழுதுங்கள். ஏறக்குறைய ஒரே மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் சேர்ந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று 70 சதவீதமும் மற்றொன்று 35 சதவீதமும் காட்டினால், அந்த இடைவெளி பெரும்பாலும் அங்கே பாடம் நடக்கும் விதத்தால் வந்தது. கட் ஆஃப் 190 எடுத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரி 90 சதவீதம் காட்டுவதை வைத்து அங்கே எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. நடுத்தர மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையைப் பாஸ் செய்ய வைக்கும் கல்லூரிதான் உங்கள் மகளுக்குத் தேவை.

தன்னாட்சிக் கல்லூரிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றின் விகிதத்தை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. அங்கே என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரத்தைப் பாருங்கள். நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு) மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. வாசலில் இருக்கும் பலகையை மட்டும் பார்த்து மகள் சேரப்போகும் துறைக்கும் அது இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. எந்தத் துறைக்கு, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். போன வருடம் 130-க்குக் கிடைத்த இடம் இந்த வருடமும் 130-க்குக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் அதே 131-க்கு முன்னால் பல ஆயிரம் பேர் கூடுதலாக நிற்பார்கள். எனவே ரேங்க் பட்டியல் வந்ததும் உங்கள் மகளின் பொது ரேங்கையும் இனப்பிரிவு ரேங்கையும் குறித்துக்கொண்டு, போன ஆண்டு அதே ரேங்க்கில் இருந்தவர்களுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று பாருங்கள்.

ஏழெட்டுக் கல்லூரிகளாகச் சுருங்கியதும் நேரில் போங்கள். துறை அறிவிப்புப் பலகையில் கால அட்டவணை ஒட்டியிருக்கும். அதன் கீழே எந்தப் பாடத்தை யார் எடுக்கிறார் என்று பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களை எண்ணி, கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி 20 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர். 60 இடமுள்ள துறையில் நான்கு ஆண்டுக்கும் 240 பேர் என்றால் 12 ஆசிரியர்கள் வேண்டும். இணையதளத்தில் 12 பேர், அட்டவணையில் 6 பேர் என்றால் காரணம் கேளுங்கள். பிறகு கல்லூரிப் பேருந்து நிற்கும் இடத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். "முதல் செமஸ்டர் மேத்ஸில் உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அரியர்? அரியர் வைத்தவர்களுக்குத் தனி வகுப்பு நடக்கிறதா?" இந்த இரண்டு கேள்வி போதும். கணிதத்தில் 62 எடுத்த பிள்ளை முதலில் தடுமாறக்கூடிய இடம் அதுதான்.

வேலைவாய்ப்பு பற்றிச் சொன்னால், "100 சதவீதம்" என்பது எத்தனை பேரில் என்று கேளுங்கள். பெரும்பாலும் "தகுதியுள்ளவர்களில்" என்பார்கள். பல நிறுவனங்கள் 10, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. நிலுவை அரியரும் இருக்கக் கூடாது. அதனால் கடைசி ஆண்டில் இருந்த மொத்த மாணவர்கள், அவர்களில் பணி ஆணை பெற்றவர்கள் என்ற இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பாடப்பிரிவா, கல்லூரியா என்றால் இந்த மதிப்பெண்ணுக்குக் கல்லூரி என்றே சொல்வோம். சரியாகப் பாடம் நடக்காத இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பதைவிட, நன்றாகச் சொல்லித்தரும் இடத்தில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) அல்லது சிவில் படிப்பது நல்லது. மகளுக்கு அந்தப் பாடத்தின் மேல் வெறுப்பு இல்லாமல் இருந்தால் சரி.

கேள்வி: கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசையாகக் குறிக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை கல்லூரி போடலாம்? கண்டிப்பாகக் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடுவதுதானே பாதுகாப்பு?
– வாசகர், விருதுநகர்

கண்டிப்பாகக் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடவே கூடாது. உங்கள் ரேங்க் வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தைத் தந்துவிடும். எளிதாகக் கிடைப்பது முதலிடத்தில் இருந்தால் அதற்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்கவே பார்க்காது. மிகவும் பிடித்தது மேலே, அடுத்தடுத்துப் பிடித்தவை கீழே, கட்டாயம் கிடைக்கும் என்பவை கடைசியில். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. பத்து பதினைந்தோடு நிறுத்தி, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. நடுத்தர ரேங்க்குக்கு ஐம்பது, அறுபது போடுவதில் தவறில்லை. ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பதா, வேண்டாம் என்று மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருப்பதா, அடுத்த சுற்றுக்குப் போவதா, விலகுவதா என்று ஒன்றைக் கெடுவுக்குள் உறுதிசெய்ய வேண்டும். கிடைத்த இடம் ஓரளவு பிடித்திருந்தால் இரண்டாவதைத் தேர்வுசெய்யுங்கள். மேலே இடம் கிடைக்காவிட்டாலும் கையில் உள்ளது போகாது. ஒன்றையும் உறுதிசெய்யாமல் விட்டால் அந்த இடம் கைநழுவிவிடும்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் சான்றிதழ்களையும் முன்பணத்தையும் கேட்கிறார். கவுன்சலிங் லாகின் பாஸ்வேர்டும் வேண்டுமாம். தரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

மூன்றையுமே தராதீர்கள். லாகின் கையில் கிடைத்தால் அந்த ஏஜென்ட் தனக்கு கமிஷன் தரும் கல்லூரியை மட்டும் விருப்பப் பட்டியலில் போட்டு முடித்துவிட முடியும். மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லாதீர்கள். பட்டியலை நிரப்ப உதவி வேண்டுமென்றால் அரசின் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைத்துக்கொள்ள ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிப்பதில்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யவும் கூடாது. கட்டிய பணத்துக்குக் கல்லூரியின் பெயரிலேயே ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் திரும்பக் கேட்க வழியே இருக்காது. மூன்று சுற்று முடிந்த பிறகும் ஒவ்வொரு ஆண்டும் பல கல்லூரிகளில் இடங்கள் காலியாகவே இருக்கின்றன. முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

கேள்வி: மகன் வணிகவியல் பிரிவில் 600-க்கு 330. பி.காம். அரசுக் கல்லூரியில் கிடைக்குமா?
– வாசகி, தஞ்சாவூர்

அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.காம். ரேங்க் போடும்போது மொழிப்பாடங்களை விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களுக்கு 400-க்குக் கணக்கிடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணைத் தனியே கூட்டிப் பாருங்கள். நகரக் கல்லூரிகளில் பி.காம்.முக்குப் போட்டி அதிகம். சுற்றியுள்ள தாலுகா ஊர்களின் அரசுக் கல்லூரிகளையும் விண்ணப்பத்தில் சேருங்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையே பார்ப்பார்கள் என்பதால், தமிழில் நல்ல மதிப்பெண்ணும் ஆர்வமும் இருந்தால் அதையும் போடலாம்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஒரே வளாகத்தில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விண்ணப்பத்தில் எதைக் குறிக்கிறீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

கேள்வி: கணிதத்தில் 41தான். பி.இ.தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். வேறு வழி உண்டா?
– வாசகர், கடலூர்

பாலிடெக்னிக். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு ஆண்டில் டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து மூன்று ஆண்டு படித்தால் மொத்தம் ஐந்து ஆண்டு. ஒரு வருடம்தான் கூடுதல். பட்டறைப் பயிற்சி நிறைய இருப்பதால், கையால் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளும் பையனுக்குப் பொருந்தும். நேரடி இரண்டாம் ஆண்டு என்பதால் முதல் ஆண்டு கணிதத்தைச் சொந்தமாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வகுப்பு தொடங்கும் முன்பே முதலாண்டுப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.