தெருவோர மருத்துவம்: தொற்றுநோய் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

வீடில்லாதவர்களைத் தேடிப்போய் வைத்தியம் பார்க்கும் குழுவில் நர்ஸாக இருக்கிறேன். நாங்கள் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் நிறத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினர். தொற்று, புண், தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சட்டமும் மனநல மருந்தும் என் துறை இல்லை.

நர்சிங் மாணவி: சிஸ்டர், இலவச கிளினிக் பக்கத்திலேயே இருந்தாலும் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?

வந்தால் மூட்டையை யார் பார்த்துக்கொள்வது? வரிசையில் நின்று திரும்புவதற்குள் படுக்கிற இடம் பறிபோயிருக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பயம், அதுவும் காரணமுள்ள பயம். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. இதைக் கேட்டு வளர்ந்தவரிடம் எடுத்த எடுப்பில் ஊசியை நீட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் டாக்டர் ஜிம் விதர்ஸ் 1992இல் இந்த வேலையைத் தொடங்கியபோது, தெருவில் வாழ்ந்து அனுபவப்பட்ட ஒருவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டுதான் போனார். அந்த இடத்து ஆள் ஒருவர் உங்கள் குழுவிலும் வேண்டும்.

அப்புறம், வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வியாழக்கிழமை போய் நில்லுங்கள். முடியாதென்றால் நாளே சொல்லாதீர்கள்.

தன்னார்வலர்: வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கொடுக்கலாமா?

கூடாது.

இளம் டாக்டர்: ஒருவரை ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்றால் எதை முதலில் செய்வீர்கள்?

நல்ல கேள்வி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ-க்கான தடுப்பூசி. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் சான் டியாகோவில் இந்த நோய் பரவி ஏறக்குறைய 590 பேர் பாதிக்கப்பட்டார்கள், 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வீடில்லாதவர்கள், போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்கள். மலத்தின் வழியாகப் பரவும் வைரஸ் இது. கழிப்பறையும் இல்லை, கை கழுவத் தண்ணீரும் இல்லை என்றால் பரவாமல் என்ன செய்யும்? நர்ஸ்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் ஊசி போட்டார்கள், நடைபாதைகளில் கைகழுவும் தொட்டிகள் வைத்தார்கள். முழுப் பாதுகாப்புக்கு இரண்டு டோஸ் என்றாலும், முதல் டோஸிலேயே 100 பேரில் சுமார் 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அதனால் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று தள்ளவே கூடாது. சானிடைசர் பாட்டிலை நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள், இந்த வைரஸுக்கு அது போதாது. சோப்பும் தண்ணீரும்தான்.

நர்சிங் மாணவி: கறுத்த தோலில் புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரியாது, அதுதான் சிக்கல். பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். கறுத்த தோலில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று, ஊதாவாகவோ, சுற்றியிருப்பதைவிட இன்னும் கறுப்பாகவோதான் தெரியும். தரையில் உட்காருங்கள், கேட்டுவிட்டு இரண்டு காலுறைகளையும் கழற்றுங்கள். புறங்கையை முதலில் நல்ல காலில் வையுங்கள், பிறகு புண் உள்ள காலில். சூடு தெரியும். தோல் இறுகிப் பளபளக்கிறதா, அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா பாருங்கள். வீக்கம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கறுத்த தோலில் ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டலாம், 2020இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எண் நன்றாக இருந்து ஆள் மூச்சுத் திணறினால் ஆளை நம்புங்கள்.

தன்னார்வலர்: பேனுக்கு மொட்டை அடித்துவிட்டால் போதுமா?

அது தலைப்பேன். நீங்கள் கவலைப்பட வேண்டியது உடல் பேன். அது உடம்பில் தங்காது, துணியின் தையலில் தங்கும். இடுப்புப் பட்டியை உள்பக்கமாகத் திருப்பினால் தையல் நெடுக முட்டைகள் தெரியும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் பரவிய 'டிரெஞ்ச் காய்ச்சல்' இதன் வழியாகத்தான் வந்தது, இன்றும் நகரத் தெருக்களில் வருகிறது. பார்டோனெல்லா குவின்டானா என்ற கிருமி. சத்தமில்லாமல் இதய வால்வை அரிக்கும், ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் சோதனையில் சிக்காமலும் போகும். மாற்றுத் துணி, குளியல், 54 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் சலவை. ஷாம்பூ வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

இன்னொரு தன்னார்வலர்: பிரிக்காத ஆன்டிபயாட்டிக் அட்டை என்றால்?

மேலே பாருங்கள். பிரிக்காவிட்டாலும் கூடாது.

நேராகப் பேசுபவர்: எல்லாவற்றையும் தெருவிலேயே கொண்டுவந்து கொடுத்தால் தெருவிலேயேதான் இருப்பார்கள். காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதுதானே?

வீடு கொடுங்கள், நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் காப்பகம் வீடு ஆகாது. 2020 ஏப்ரலில் பாஸ்டனில் ஒரே காப்பகத்தில் 408 பேரைப் பரிசோதித்தார்கள், 147 பேருக்குக் கொரோனா. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. காசநோயும் இப்படித்தான் நெருக்கமான கூடங்களில் பரவும்.

நேராகப் பேசுபவர்: சமாளிக்கிறீர்கள். போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுப்பதும் போதைக்குத் துணை போவதுதானே?

இல்லை. ஊசி மாற்றுத் திட்டங்கள் உள்ள இடங்களில் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் புதிதாகத் தொற்றுவது பாதியளவு குறைகிறது. அங்கே வந்து போகிறவர்கள்தான் போதைச் சிகிச்சைக்கும் அதிகம் சேருகிறார்கள்.

முன்பு தெருவில் இருந்தவர்: சிஸ்டர், நான் சொல்கிறேன். என் கூடாரத்தைப் பிரித்தெறிந்தபோது காசநோய் மாத்திரையும் சேர்ந்து போய்விட்டது. அதற்கு ஒழுக்கப் பாடம் யாருக்கு எடுப்பது?

இவர் சொல்வதைக் கேளுங்கள். ஆட்களைக் கலைத்தால் கிருமி கலையாது. யார் யாரோடு இருந்தார்கள் என்ற தடம்தான் அழியும். கிருமி உடம்பில் இருந்தும் அறிகுறி காட்டாத உள்ளுறைந்த காசநோய்க்கு முன்பு ஒன்பது மாதம் தினமும் மாத்திரை, இப்போது வாரம் ஒரு முறையாக 12 வாரத்தில் முடிக்கலாம். அந்த 12 வாரமும் ஆள் எங்கே என்று தெரிய வேண்டும், நாமும் சொன்ன கிழமையில் போக வேண்டும்.

நேராகப் பேசுபவர்: இதெல்லாம் விதிவிலக்கு...

இல்லை. அடுத்த கேள்வி.

பெயரில்லாதவர்: தெருநாய் கடித்துவிட்டது, சிறிய கீறல்தான்.

15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இப்போதே ஆஸ்பத்திரி. இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள்.

சமூகப் பணியாளர்: மொழி புரியவில்லை என்றால் அவருடைய பிள்ளையை வைத்துப் பேசலாமா?

வேண்டாம். பால்வினை நோய் பற்றிப் பிள்ளை வழியாக எந்தத் தாய் பேசுவாள்? போனிலாவது மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள்.

தன்னார்வலர்: மிச்சமான கண் சொட்டு மருந்து...

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். உலர்ந்த காலுறை வாங்கிக் கொடுங்கள்.

இளம் டாக்டர்: வெயிலில் தடுப்பூசியை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் பெட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறார்கள். ஹெபடைடிஸ் ஏ ஊசி உறைந்தாலும் வீண். ஐஸ் பேக்கோடு ஒட்டி வைக்காதீர்கள், நடுவில் ஒரு அட்டை கொடுங்கள். உறைந்ததை உருக்கிப் போடவே கூடாது.